வேண்டாவுக்குப் போன வாய்

அஞ்சலாட்சிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வலி என்றால் அவளுக்குத் தெரியும். அது காலையில் ஏறி, மத்தியானச் சோற்றோடு கொஞ்சம் இறங்கும். இது வேறு. மேல்பாதி உடம்பு ஒருத்தியுடையது, கீழ்ப்பாதி இன்னொருத்தியுடையது, நடுவில் இருந்த ஆணியை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிற மாதிரி. முந்தின நாள் தளம் போட்டார்கள். ஆள் ஒன்று குறைவு. குறைந்த ஆளின் இடத்தையும் சேர்த்து அவளே நின்றாள். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், இரும்பு நாற்காலியில், உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் கிடந்தாள்.

குறைந்த ஆள் வேண்டா; இப்போது உள்ளே வார்டில் கிடக்கிறாள். நாலாவதும் பொண்ணாகப் போனதில் தகப்பன் வைத்த பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டே ஐம்பது வயசை எட்டிவிட்டாள். இரண்டு பேருமே கான்கிரீட் கோஷ்டியில் சித்தாள்.

மூளைக்குள் கைவிட்டுச் சொல்லை எடுக்கிற காலம் வந்துவிட்டது. நாலடிச் சந்துக்குள் கான்கிரீட் பம்பு நுழைகிற காலம் மட்டும் வரவில்லை. அதனால் மேடவாக்கம் பக்கத்துச் சந்துகளில் இன்னமும் தளத்துக்குக் கலவை ஏறுவது பெண்கள் கைமேல்தான். சாரத்தில் படிக்கு ஒருத்தியாக நிற்பார்கள். கலவை நிறைந்த பாண்டுச்சட்டி கீழிருந்து கைமாறி மேலே போகும். காலிப் பாண்டு மேலிருந்து கீழே எறியப்படும். எறிகிற பாண்டில் மிச்சமிருக்கிற சிமெண்டுத் தண்ணி கீழே நிற்கிறவள் தலையில் விழும். மேலே நிற்கிறவள் வேண்டா. கீழே நிற்கிறவள் அஞ்சலாட்சி. இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். சண்டைக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. காலையில் முதல் பாண்டோடு ஆரம்பிக்கும். சாயங்காலம் கைகால் கழுவுகிற தொட்டியருகில்தான் முடியும். ஒருத்தி வேலைக்கு வராவிட்டால் இன்னொருத்திக்கு அன்றைக்குச் சோறு இறங்காது என்று கோஷ்டியில் கேலி பேசுவார்கள். இரண்டு பேருமே அதை ஒத்துக்கொண்டதில்லை.

போன மாதம் சாரக்கட்டு அறுந்தது. கம்பு உளுத்தது, கயிறு பழசு. வேண்டா கீழ்த்தளத்தில் விழுந்தாள். எலும்பு தப்பித்தது. தலையின் இடதுபக்கம் அடி. கண் திறந்தபோது வாயில் ஒரு சொல் இல்லை. யார் என்ன சொன்னாலும் புரிந்தது. சிரிக்கச் சொன்னால் சிரித்தாள், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள். பேச வாயெடுத்தால் "தா, தா" என்பதற்கு மேல் வரவில்லை.

டாக்டர் மெஹர்நிசாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். நிதானமாகப் பேசுகிறவள். வேண்டாவின் புருஷன் சடையன், மகள் நிவேதா, மேஸ்திரி கன்னியப்பன், அஞ்சலாட்சி எல்லோரையும் உட்காரவைத்து ஒருதரம் விளக்கினாள்.

"ஒவ்வொருத்தர் தலைக்குள்ளயும் ஒரு மளிகைக்கடை இருக்குன்னு வச்சுக்குங்க. பின்னாடி குடோன். அதுல இருக்கிற சொல்லெல்லாம் கேட்டாப் புரியும், ஆனா நாம பேசறதுல எடுக்க மாட்டோம். முன்னாடி பலகையில அடுக்கியிருக்கிறதுதான் நாம வாயால பேசற சொல்லு. இவங்களுக்கு குடோன் நல்லா இருக்கு. முன்பலகை சரிஞ்சு போச்சு. வேற ஒருத்தரோட பலகையிலேர்ந்து எடுத்து இங்க அடுக்கிட்டா பேசிடுவாங்க."

"ரத்தம் ஏத்துற மாதிரியா?" என்றார் கன்னியப்பன்.

"அதே மாதிரி. ஆனா ரத்தத்துல ஏழெட்டு குரூப்தான். இதுல ஆளுக்கு ஒரு குரூப். ஒருத்தர்கிட்ட இருக்கிற சொல்லு மாதிரி இன்னொருத்தருக்கு இருக்கவே இருக்காது. ரொம்பக் கிட்ட இருக்கிறவங்களாப் பார்த்துத் தேடணும்."

அந்த ஆஸ்பத்திரியில் சொல் வங்கி ஒன்று இருந்தது. காலேஜ் பசங்களும் படித்தவர்களும் கொடுத்த சொல்தான் அதில் முக்கால்வாசி. அதை ஏற்றிக்கொண்ட ஒரு மூட்டை தூக்குகிற ஆள் அதே வார்டில் கிடந்தான். கஞ்சி கொண்டுவந்த பெண்டாட்டியிடம் அவன், "எனக்குப் பசி உணர்வு இல்லை, தாங்கள் அருந்துங்கள்" என்றான். அவள் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாளாம். அப்புறம் கழிவறைப் பக்கம் போய் அழுதுகொண்டிருந்ததை அஞ்சலாட்சியே பார்த்தாள். அந்தச் சொற்கள் அவன் தலையில் ஒட்டவும் இல்லை. வாரத்துக்கு வாரம் உதிர்ந்துகொண்டே வந்தன.

எனவே ஆள் தேடினார்கள். தலையில் ஒயர் வைத்த தொப்பியை மாட்டி, வேண்டாவுக்கும் அதேபோல் ஒன்றை மாட்டி, எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். பேசுகிறவரின் கோடும் கேட்கிறவளின் கோடும் திரையில் எவ்வளவுக்கு ஒட்டிப் போகிறதோ அவ்வளவுக்குப் பொருத்தம்.

சடையன் தொப்பியோடு உட்கார்ந்து, "இன்னா பேசறது?" என்றான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வங்கிச் சொல்லுக்கு இருந்த பொருத்தம்கூட அவனுக்கு இல்லை. முப்பது வருஷக் குடித்தனம். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நிவேதா அழுதுகொண்டே நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஹாஸ்டலில் இருந்து படித்த பெண். பாதிப் பேச்சு அம்மாவின் காதுக்குப் பழக்கமில்லாதது. கோஷ்டியில் இருந்து ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவரும் ஒட்டவில்லை.

அஞ்சலாட்சியும் உட்கார்ந்தாள். நல்ல புடவை, படிய வாரிய தலை. "நல்லாருக்கோம்ங்க. வேலைக்குப் போறோம்ங்க, வர்றோம்ங்க. சீக்கிரம் நல்லாயிடும்ங்க" என்று வேண்டாவையே வாங்க போங்க போட்டாள். வேண்டா அவளை வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கோடுகள் ஆளுக்கொரு பக்கம் போயின.

அங்கேதான் எல்லோரும் தவறு செய்திருந்தார்கள். டாக்டர் முன்னால் பேசுகிற பேச்சு என்று ஒன்று அவர்களிடம் தனியாக இருந்தது. ரேஷன் கடையிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் அதைத்தான் எடுப்பார்கள். சின்னச் சரக்கு, ஐம்பது அறுபது சொல்லுக்கு மேல் தேறாது. அதை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு, நம்மிடம் இருப்பதே இவ்வளவுதான் என்று எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். சோதிக்கிறவளுக்கும் அது தெரியவில்லை.

அஞ்சலாட்சி தொப்பியைக் கழற்றப் போனபோது நர்ஸ் வேண்டாவுக்குப் பால் கொடுத்தாள். வேண்டா குடித்து முடித்தாள். கை பழக்கம் போகுமா? காலியானதைத் திரும்பிப் பார்க்காமல் கீழே எறிந்தாள். தம்ளர் அஞ்சலாட்சியின் தோளில் பட்டு, அடியில் இருந்த பாலெல்லாம் அவள் மூஞ்சியில் தெறித்தது.

"அடியேய், கண்ணு அவிஞ்சா பூடுச்சி? இத்தினி வருசமா சிமெண்டுத் தண்ணிய ஊத்தி ஊத்தி என் தலையில ஒரு மசுரு விடல, இப்ப பாலாபிசேகமா? படுத்த படுக்கையா கெடந்தும் இவ கைத்திமிரு அடங்குதா பாரு. எறியறதுக்கு முன்னாடி ஒரு கொரலு குடுடி, ஒரு கொரலு குடுடின்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தினனே, எந்தக் காதுலடி வாங்கின நீ..."

நிற்கவில்லை. வேண்டாவின் அப்பன், அவன் வைத்த பேர், அவள் மாமியார் வீட்டுப் புழக்கடை வரைக்கும் போய்வந்தாள். டாக்டர் தடுக்க எழுந்தவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு ஓடின. வேண்டா கட்டிலைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வழிய, "தா! தா!" என்று ஒவ்வொரு வசவுக்கும் பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டாள் டாக்டர்.

"இவளா? இவ சாவாசமே வேணாம்" என்றாள் அஞ்சலாட்சி, முந்தானையால் பாலைத் துடைத்தபடி.

கெட்ட செய்தியை டாக்டர் சாயங்காலம் தனியாகச் சொன்னாள். ரத்தம் கொடுத்தால் தானே ஊறிவிடும். சொல் அப்படி ஊறாது. அஞ்சலாட்சியின் முன்பலகையில் இருந்து எடுத்தது எடுத்ததுதான். கேட்டால் புரியும், வாயில் வராது. மறுபடி யாராவது பேசி, அது காதில் விழ விழத்தான் ஒவ்வொன்றாகத் திரும்பும்.

"யாருமே பேசாத சொல்லு?"

"அது திரும்பாதும்மா. உங்க ஒருத்தர் வாயில மட்டும் இருக்கிற சொல்லுன்னா, யோசிச்சுக்குங்க. இன்னொண்ணு, ரொம்ப நாள் தள்ளவும் முடியாது. அந்த இடம் இறுகிடும். அடுத்த அமாவாசைக்குள்ள முடிவு சொல்லுங்க."

அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்து யோசித்தாள். அவள் ஒண்டிக்கட்டை. சொத்து என்று பார்த்தால் ஒரு தகரப்பெட்டி, ஒரு காஸ் அடுப்பு, அந்த வாய். முதல் இரண்டும் திருட்டுப் போனால் வாங்கிக்கொள்ளலாம். சின்ன வயசில், வேலை நடக்கிற வீட்டுச் சிமெண்டு அறையில் ஒருத்தன் கதவைச் சாத்தியபோது, அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிற்று. அன்றைக்கு அவளிடம் கத்தியும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை, வாய்தான் இருந்தது. சூப்பர்வைசர் பிரபாகர் ஐம்பது வயசுக்காரிகளை எல்லாம் நிறுத்தப் பார்த்து முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான். கூலி பிடித்தால், டீ வராவிட்டால், உளுத்த கம்பைக் கட்டினால், கோஷ்டி முழுக்க அவள் முகத்தைத்தான் பார்க்கும். வேண்டாவுக்குக்கூட பக்கத்தில் இருக்கிறவளைத் திட்டத்தான் தெரியும். சூப்பர்வைசர் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். பல்லைப் பிடுங்கிக் கொடுத்த பாம்பை யார் மதிப்பார்கள்? மாட்டேன் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே பிரபாகர் வந்திருந்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, நர்ஸிடமும் நிவேதாவிடமும் நியாயம் பேசிக்கொண்டிருந்தான். சாரம் நல்ல சாரம்தானாம். இவள்தான் கால் தவறி விழுந்தாளாம். வேண்டா கட்டிலைக் குத்தினாள். வாயைத் திறந்தாள். தா தா தா என்று கத்தினாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. பிரபாகர் அவள் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தான்.

"பாருங்க, ஆமான்னு சொல்றாங்க" என்றான்.

அஞ்சலாட்சி வாசலிலேயே திரும்பினாள். நேராக டாக்டர் அறைக்குப் போனாள். "எடுத்துக்குங்க" என்றாள். எவ்வளவு எடுக்கலாம் என்று டாக்டர் கேட்டதற்கு, "அவளுக்குக் கொறையாம எடுங்க. கொறைஞ்சா அதுக்கும் ஒரு சண்டை இழுப்பா. அப்ப பதில் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இருக்காது" என்றாள்.

இரண்டு நாள் ஆயிற்று. தொப்பி, ஊசி, தூக்கம். மூன்றாம் நாள் காலையில் அஞ்சலாட்சி சுவரைப் பிடித்து நடந்து வேண்டாவின் கட்டிலுக்கு வந்தபோது, சடையனும் நிவேதாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வேண்டா யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லையாம். அஞ்சலாட்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவும் வீண்தானா?

வேண்டா தலையைத் திருப்பினாள்.

"இன்னாடி பாக்கற, பேயறைஞ்சாப்பல? வந்தவ ஒரு டீ வாங்கியாந்தா கொறைஞ்சா பூடுவ?"

நிவேதா ஓவென்று அழுதாள். சடையன் வெளியே ஓடினான், டீ வாங்கத்தான். அஞ்சலாட்சிக்குப் பதில் நெஞ்சு வரைக்கும் வந்தது. எதைச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லத்தான் எதுவும் கையில் அகப்படவில்லை. கடைசியில் "போ" என்றாள். அது ஒன்றுதான் இருந்தது. அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். இருபது வருஷத்தில் முதல்தடவையாக வேண்டாவுக்கு முன்னால் அவள் தோற்றிருந்தாள். உடம்பு அத்தனையும் லேசாகிவிட்டதுபோல் இருந்தது; இடுப்பைத் தவிர.

சாரம் எப்படி அறுந்தது என்பதை வேண்டா அன்றைக்கே டாக்டரிடமும், விசாரிக்க வந்த ஏட்டிடமும் அஞ்சலாட்சியின் வாயால் விளக்கினாள். ஏட்டு பாதி எழுதிவிட்டு, மீதியை எழுத முடியாதும்மா என்று பேனாவை மூடினார். அந்தக் காகிதத்துக்கு அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை.

வேண்டா வேலைக்குத் திரும்பியதும் மேஸ்திரி அவளைச் சாரத்தில் ஏற்றவில்லை. கீழே கலவையிடத்தில் பாண்டு நிரப்புகிற வேலை. அஞ்சலாட்சி மேல்படிக்கு மாறினாள். ஊமையாகத்தான் வேலை செய்தாள். பிரபாகர் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போனான். அரைநாள் கூலியைப் பிடித்தான். அவள் விரலை நீட்டி நீட்டிக் காட்டினாள். அவன் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தான். அன்றைக்கு ராத்திரி அவள் நிறைய நேரம் விழித்துக் கிடந்தாள்.

ஆனால் வேண்டா சும்மா இருக்கவில்லை. காலையில் வந்ததும் ஆரம்பிப்பாள். சோம்பேறி, தடிமாடு, ஆடி அசைஞ்சு வர்றா பாரு மாலை போட்ட தேரு மாதிரி. கீழிருந்து மேலே பார்த்து, தொண்டை கிழிய. வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு, பாவம், வாயில்லாதவளைப் போட்டு இந்தப் பாடு படுத்துகிறாளே என்று தோன்றும். அஞ்சலாட்சிக்குத் தெரியும். இன்றைக்கு விழுந்த வசவு நாளைக் காலையில் அவள் வாயில் வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் "தடிமாடு" வந்தது. அதை வேண்டாவையே பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். "வந்துடுச்சிடி அதுவும்" என்று கீழே இருந்து குரல் வந்தது. சொல் சொல்லாக, வேண்டா கலவை வாரி அனுப்புகிற மாதிரியே, எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. காய்கறிப் பேரும், நாள் கிழமையும், கடைக்காரனிடம் பேரம் பேசுகிற பேச்சும் மற்றவர்கள் வாயிலிருந்து வந்து சேர்ந்தன. வசவு முழுக்க வேண்டாவிடமிருந்து.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், அஞ்சலாட்சி டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். முக்கால் பலகை நிறைந்துவிட்டது என்று சொல்லி டாக்டர் சந்தோஷப்பட்டாள். மறுநாள் புது வீட்டு வேலைக்கு வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். கட்டியிருந்தது சவுக்குக் கம்பு இல்லை. இரும்புப் பைப். படிக்குப் படி கம்பி வளையம், அதில் மாட்டிக்கொள்ள இடுப்புப் பெல்ட், கீழே வலை. சித்தாள்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பிரபாகர் அவளைக் கண்டதும் போன் பேசுகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டான்.

கன்னியப்பன்தான் சொன்னார். முந்தின நாள் அதே பழைய கம்பைத்தான் கட்டியிருந்தார்கள். வேண்டா அதைப் பார்த்தாள், பாண்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒருத்தியும் ஏறக்கூடாது என்றாள். பிரபாகர், ஏறாதவளுக எல்லாம் வீட்டுக்குப் போங்க, கிழடுகளுக்கு இங்க வேலை இல்லை என்றான். வேண்டா எழுந்தாள். இருபது வருஷமாகத் தலைகுனிந்த வேண்டா, தெருவே கேட்க அவனை ஒரு வார்த்தை சொன்னாள். தெருவே கூடிச் சிரித்தது, சித்தாள் ஒருத்தியும் ஏறவில்லை, சாயங்காலமே அவன் பைப்புக்கு ஆள் அனுப்பினான்.

"இன்னா சொன்னா?"

கன்னியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நான் பேரன் பேத்தி எடுத்தவன்டி. அதெல்லாம் என் வாயில வராது. உன்னோடதுதான் அது. நீ மட்டும் சொல்லுவியே, அந்தாளு சம்பளம் புடிக்கறப்ப."

அஞ்சலாட்சிக்குப் புரிந்தது. அது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. எப்போதோ ஒரு ஆத்திரத்தில் அவளே செய்தது. அவளைத் தவிர ஒருவரும் அதை வாயில் போட்டதில்லை, போட வெட்கப்படுவார்கள். மற்ற வசவெல்லாம் திரும்பியும் அந்த ஒன்று மட்டும் திரும்பாததை அவளும் கவனித்திருந்தாள். சொல்லை மட்டும்தான் எடுக்கிறோம், தைரியத்தை எல்லாம் எடுக்கமுடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். டாக்டருக்கு என்ன தெரியும்? கையில் சரியான சாமான் இருந்தால் ஆளுக்குத் தைரியம் தானே வருகிறது.

அன்றைக்குத் தளம் போட்டு முடிகிற வரைக்கும் ஒருத்தியும் பயந்து கீழே பார்க்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அஞ்சலாட்சி வேண்டாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்த ஒருதரம் சொல்லுடி. காதுல உழுந்தாத்தான் எனக்கு வரும்."

"சும்மா வருமா அது? கோவம் வரணும்."

"என்மேல கோவப்படேன்."

வேண்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்மேல வரமாட்டேங்குதுடி. இன்னா எழவோ தெரியல" என்று சோற்றைப் பிசைந்தாள்.

அஞ்சலாட்சி கையை நீட்டி, வேண்டாவின் டிபன் பாக்ஸில் இருந்த வறுத்த கருவாட்டை அள்ளித் தின்றாள். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அதற்குக் கொலை விழுந்திருக்கும். வேண்டா மூடியில் இருந்த மிச்சத்தையும் அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் ரெண்டு தின்னு. கால்ல வலுவே இல்ல உனக்கு, சாரத்துல ஆடிக்கினே நிக்கற."

இரண்டாவது தளம் போட்டாயிற்று, மூன்றாவதும் போட்டாயிற்று. பைப் சாரம் நின்றுகொண்டிருக்கிறது. பெண்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். அஞ்சலாட்சிக்குக் கடைசியாக ஒரே ஒரு வசவு வரவேண்டியிருக்கிறது. அதை வேண்டா இன்னும் தரவில்லை.